எலி கடிச்ச வயரும் நிண்டுபோன மெசினும்

ரக்ரர் வயர் திருத்திறவனை ஒருத்தரும் சந்தோசமா இருக்கேக்க கூப்பிடுறேல்ல. ஓடித் திரியிற உழவு மெசினுக்கை எலி குடியிருக்காது; நிண்ட மெசினுக்கைதான் கூடு கட்டும். மெசின் ஏன் நிண்டது எண்டு கேட்டால் அந்த வீட்டில ஒரு கவலை இருக்கும். வருத்தம், சாவு, வழக்கு, வெளிநாடு எண்டு ஏதோ ஒண்டு. கிளிநொச்சியில இருந்து மோட்டச்சைக்கிளில சாமான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வன்னி முழுக்கத் திரியிறன். உங்களில கனபேருக்கு என்னைத் தெரியாட்டியும் அந்த எலியைத் தெரியும். திறப்பைத் திருப்ப ஒரு சத்தமும் இல்லாமல் மெசின் கிடக்க, தலையில கை வைச்சுக்கொண்டு நிண்ட ஆக்கள்தானே நாங்கள் எல்லாரும்.

படங்கு போட்டு மூடின மெசின்

பூவரசங்குளத்தில ஒருத்தர் மனிசியை வைத்தியத்துக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் மாசக்கணக்கா நிண்டவர். போக முதல் மெசினை நாலு பக்கமும் படங்கால மூடி, கயிறு போட்டு, காத்துக்கூடப் போகாமல் இறுக்கிக் கட்டிப்போட்டுத்தான் போனவர். பாசம் இருக்கிற ஆக்கள் செய்யிற வேலை அது. எலிக்கு அதைவிட வேறென்ன வேணும்? மழையும் படாது, பருந்தும் காணாது. நான் படங்கை இழுக்க எலியள் திக்குத் திக்கா ஓடினதுகள். பற்றரியில இருந்து போற வயர் முழுக்கத் தோலுரிச்சுச் செப்புக்கம்பி தெரிஞ்சுது.

"மூடாதேங்கோ அண்ணை. பொனற்றைத் திறந்து வெளிச்சம் பட விடுங்கோ. கிழமைக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணிக் கொஞ்சத் தூரம் ஓட்டுங்கோ" எண்டு எல்லாருக்கும் சொல்லுறதைத்தான் அவருக்கும் சொன்னன். உள்ளுக்கை மனிசி படுத்திருந்து இருமினது கேட்டது. அவர் அந்தப் பக்கம் ஒருக்காப் பாத்திட்டு என்னட்டைத் திரும்பினார்.

"ஸ்ராட் பண்ண வீட்டில ஆள் வேணுமே தம்பி, என்ர பிள்ளையள் ரெண்டும் கனடாவில பனிக்கை நிண்டெல்லோ காரை ஸ்ராட் பண்ணுதுகள்."

வற்றாப்பளைக்குப் போன பெட்டி

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குச் சனத்தைப் பின்னால கொழுவின பெட்டியில ஏத்திக்கொண்டு போன மெசின் ஒண்டு பாதி வழியில நிண்டுபோச்சு. நல்ல வெய்யில். பெட்டிக்குள்ள பொங்கல் பானையோட பொம்பிளையள் இருந்து வேர்த்துக் கொட்டுகினம். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் சேர்ந்த மெசின் அது. தேப்பன் செத்தபிறகு ஆருக்கெண்டு பிடுங்குப்பட்டு, ஒருத்தரும் தொடாமல் கனகாலம் கிடந்தது. நான் டாஷ்போட்டைக் கழட்டினால் உள்ளுக்கை கண் திறவாத குஞ்சுகள். அண்ணன்காரன் ஒரு பக்கம் பாக்க, தம்பிக்காரன் மற்றப் பக்கம் பாக்க, பெட்டிக்குள்ள இருந்த அவையின்ர தங்கச்சி எட்டிப் பாத்துச் சொன்னா:

"நீங்கள் ரெண்டு பேரும் முகம் பாக்காமல் திரிஞ்ச நேரம் எலி அதுக்குள்ள குடும்பம் நடத்தியிருக்கு."

கூட்டுக்குள்ள கிடந்த முறுக்கு

உடையார்கட்டுச் சிவபாதம் அண்ணையின்ர மெசினைத்தான் என்னால மறக்க ஏலாமல் கிடக்கு. அவற்ற ஒரே மகன் கஜன்தான் அதை ஓட்டினவன். றோட்டில படுத்திருந்த மாட்டோட அவன்ர மோட்டச்சைக்கிள் மோதி அந்த இடத்திலயே முடிஞ்சுது. செத்தவீட்டோட மெசின் கொட்டிலுக்கை போனது, பிறகு வெளியில வரேல்ல. வயலும் ஒரு போகம் தரிசாக் கிடந்தது. இந்தக் காலபோகத்துக்கு மழைக்கு முதல் புழுதி உழவேணும், உழ முடியாட்டி மெசினை வித்து, வயலைக் குத்தகைக்குக் குடுத்திட்டு யாழ்ப்பாணத்தில தமையன் வீட்டோட போய் இருக்கிறதெண்டு அண்ணை முடிவெடுத்திட்டார். அவற்ற மனிசி கமலாக்கா, "மகன் உழுத நிலத்தை விட்டு நான் ஒரு இடமும் வரமாட்டன்" எண்டு ஒரே பிடி. ரெண்டு பேருக்கும் நடுவில என்ர வயர் வேலை வந்து மாட்டிக்கொண்டது.

பொனற்றைத் திறந்து கூட்டைக் கிளறினன். வழக்கமா வைக்கலும் பஞ்சும் சீலைத் துண்டும் கிடக்கும். இதுக்குள்ள காய்ஞ்ச சோறும் மீன் முள்ளும் பாதி முறுக்கும் கிடந்தது. எலி நெல்லுத் தின்னும், சரி. முறுக்கு எங்கால வந்தது? கையில எடுத்து அண்ணையிட்டைக் காட்டினன். அவர் முறுக்கைப் பாக்கேல்ல, மேற்குப் பக்கம் முகிலைப் பாத்தார்.

"முறுக்கை விடும் தம்பி, மழை வரமுதல் இது ஓடுமோ ஓடாதோ, அதைச் சொல்லும்."

எலிக்குத் தீன் போடுறவன்

புது வயர் இழுத்து, பிளாஸ்ரிக் குழாய்க்குள்ளால விட்டு, வேப்பெண்ணெய் பூசி, மூலைக்கு மூலை பூச்சி உருண்டையும் கட்டிப்போட்டுத்தான் வந்தனான். ஒரு கிழமை போகேல்ல, அண்ணை போன் எடுக்கிறார். போய்ப் பாத்தால் குழாயையும் அரிச்சு உள்ளுக்கை இருந்த வயரையும் துண்டு துண்டா வெட்டிக் கிடக்கு. வேலிக்கு அங்கால நிண்ட பக்கத்து வீட்டுக்காரர், "நீர் வயரே போடுறீர்? எலிக்குத் தீனெல்லோ போடுறீர்" எண்டு நக்கலடிச்சார். எனக்கு விசர் வந்திட்டுது. "அண்ணை, கொட்டிலுக்கை விதைநெல்லு ஏதும் வைச்சிருக்கிறியளோ? தீன் இல்லாமல் எலி இப்பிடித் திரும்பத் திரும்ப வராது. உண்மையைச் சொல்லுங்கோ" எண்டு கொஞ்சம் சத்தமாவே கேட்டுப்போட்டன்.

அண்ணை என்னை வெளியில கூட்டிக்கொண்டு போய் மெல்லமாச் சொன்னார். கமலாக்கா நெடுகப் பொழுதுபடேக்க ஒரு கோப்பையில சோறு போட்டு, மகனுக்குப் பிடிச்ச பொரிச்ச மீனும் முறுக்கும் பக்கத்தில வைச்சு, கொண்டுபோய் மெசின் சீற்றில வைக்கிறாவாம். செத்தவருக்குப் படைக்கிறது எங்கட வழக்கம்தானே. ஆனா முப்பத்தொராம் நாள் செலவோட ஆக்கள் விட்டிடுவினம், இவா விடேல்ல. விடியப் போய்ப் பாத்தால் கோப்பை காலி. "பிள்ளை சாப்பிட்டிட்டான்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் அவா தேத்தண்ணி குடிக்கிறதாம். அதுக்கு முதல் பச்சைத் தண்ணியும் இறங்காதாம். சத்தம் போட்டதை நினைச்சு எனக்கு வெக்கமா இருந்தது. அண்ணை என்ர கையைப் பிடிச்சார்.

"எலி எண்டு அவாட்டைச் சொல்ல என்னால ஏலாது, நீர் பிறத்தி ஆள்தானே தம்பி, நீர் சொல்லும்."

கமலாக்கா சொன்னது

என்ன கொடுமை பாருங்கோ, வயர் திருத்த வந்தவனுக்கு வந்த வேலையை! சொல்லாட்டி மெசின் ஓடாது, அவா பிடிச்சுக்கொண்டிருக்கிற வயலும் கைவிட்டுப் போகும். சொன்னால் அவா சாப்பிடாமல் கிடப்பா. சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேசாமல் ஓடிப்போவமோ எண்டும் நினைச்சன்.

அவா குசினி வாசலில இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. வீட்டில இருக்கிறது ரெண்டு பேர், வெட்டினது மூண்டு பேருக்குக் காணும். பக்கத்தில குந்தினன். "அக்கா, அந்தக் கோப்பையைக் கொட்டிலுக்கை வைக்காதேங்கோ. மத்தியானத்தில முத்தத்தில காகத்துக்கு வையுங்கோ. அதுவும் அவனுக்குப் போய்ச் சேரும்தானே" எண்டன். எலி எண்ட சொல்லு வாயில வரேல்ல. அவா கத்தியைக் கீழ வைச்சிட்டு என்னைப் பாத்தா. அவான்ர கண்ணில தண்ணி இல்லை, என்ர கண்ணிலதான் வந்தது. ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்லுறமாதிரி ஆறுதலாச் சொன்னா:

"எலி எண்டு எனக்குத் தெரியாதே தம்பி? வீட்டுக்கை வைச்சால் விடிய வைச்சது வைச்சபடி கிடக்கு, அதைப் பாக்க ஏலாது. காகம் கண்ணுக்கு முன்னால திண்டிடும், காகம்தான் எண்டு தெரிஞ்சுபோகும். இருட்டுக்கை எண்டால் ஆர் திண்டது எண்டு நான் பாக்கத் தேவையில்லை எல்லே."

மழைக்கு முதல் அண்ணை வயலை உழுதிட்டார், ஆனா இத்தினை வருசமா எலியைக் கலைச்சுச் சீவிக்கிற நான், அண்டைக்கு வயரைத் திரும்பவும் போட்டிட்டு, கொட்டிலுக்குத் தூரமாக் கிணத்தடியில, எலி சுகமா ஏறி வரக்கூடிய உயரமாப் பாத்து, கோப்பை வைக்க ஒரு பலகை அடிச்சுக் குடுத்திட்டுத்தான் வீட்டை வந்தனான்.