பாஸிட்டிவ் என்றாள்

பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து தோழி செல்வி போன் செய்தாள். அவள் கணவரின் கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

"ரிசல்ட் பாஸிட்டிவ்னு சொல்லிட்டாங்கடி."

'பாஸிட்டிவா இரு' என்று கேட்டே பழகியவள் நான். "நல்ல சேதி சொன்ன! சாயங்காலம் வூட்டுக்கு வரேன்" என்று வைத்துவிட்டேன்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். பெட்டியைப் பார்த்ததும் செல்வி அழுதாள்.

"புத்துநோய் இருக்குன்னு அர்த்தம்டி."

பெட்டியை எங்கே மறைப்பதென்று தெரியாமல் நின்றேன். அவள் கணவரோ கை நீட்டினார்.

"குடுங்கம்மா. வந்தவங்க எல்லாரும் அழுதுட்டுப் போறாங்க. நீங்க ஒருத்தர்தான் சிரிச்சுக்கிட்டு வந்தீங்க."

ஒரு துண்டை எடுத்து மெதுவாகச் சாப்பிட்டார்.

அவர் பிழைக்கவில்லை. ஒரு சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது தெரியாமல் போனதைக்கூட மன்னித்துக்கொள்வேன். போனில் செல்வியின் குரல் நடுங்கியது. அதைத்தான் நான் கேட்கவே இல்லை.