செல்லக்கண்ணுவின் ஞாயிற்றுக்கிழமைக் கட்டில்

செல்லக்கண்ணுவுக்கு அறிவுப் பசின்னு சொன்னவங்க அத்தன பேருக்கும் வீட்டுல சொந்தமா ஒரு கட்டில் இருந்துச்சு. இத நான் முதல்லயே சொல்லிடுறேன். அப்புறம் முத்தாயிக்கு வாய் நீளம்னு யாரும் வந்து நிக்கக் கூடாது.

கெர்பாவ் ரோட்டுல கடைவீட்டு மாடிப்படிக்குப் பக்கத்துல, அஞ்சடி நடைபாதையில அடுப்புப் போட்டு உக்காந்திருந்தவ நான். காலையில ஆப்பம், மத்தியானத்துலேருந்து வடையும் டீயும். மேல் மாடிய பலகையால தடுத்து, தடுப்புக்கு நாலஞ்சு ஆம்பிளைங்க குடியிருந்தாங்க. அதுல ஒரு கட்டிலுக்கு மட்டும் ரெண்டு பேரு வாடகை குடுத்தாங்க. ராத்திரிக்குச் செல்லக்கண்ணு, பகலுக்கு அந்தோனி.

சிரிக்காதீங்க. அந்தக் காலத்துல எங்க தேக்கா வட்டாரத்துல பல கட்டில் அப்படித்தான், சூடு ஆறுறதுக்குள்ள ஆள் மாறும். செல்லக்கண்ணு ஹார்பர்ல மூட்டை தூக்குறவன். அதிகம் பேசாதவன். பேசினா உண்மையத்தான் பேசுவான், அதுதான் அவனுக்கு வினை. விடியறதுக்குள்ள எழுந்து போயிடுவான். அந்தோனி ராத்திரி முழுக்க ரொட்டிக் கிடங்குல மாவு பெசஞ்சுட்டு அந்த நேரத்துக்கு வருவான். படியில ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க. "தலகாணிய திருப்பிப் போட்டிருக்கேன்"ம்பான் இவன். "நல்லா இருப்பா"ம்பான் அவன். புருஷன் பெஞ்சாதிகூட ஒரே கட்டில்ல இவ்வளவு சண்டை இல்லாமக் காலந்தள்ளி நான் பாத்ததில்ல.

வம்பு ஞாயித்துக்கிழமையில. ஹார்பர் லீவு, ரொட்டிக்கு ஏது லீவு? சனிக்கிழமை ராத்திரிதான் அந்தோனிக்கு ரெட்டை வேலை. காலையில வந்து குளிச்சு, ஓஃபிர் ரோடு மாதா கோயில்ல பூசை பாத்துட்டு வந்து விழுந்தான்னா பொழுது சாயத்தான் எழுந்திரிப்பான். பகல் அவனுது, பேச்சு பேச்சுதான். செல்லக்கண்ணு அதுக்கு ஒரு நாளும் மல்லுக்கு நின்னதில்ல. ஆனா ஆறு நாள் மூட்டை சுமந்த உடம்பு ஏழாம் நாள் கெஞ்சுமா இல்லையா? ராத்திரி அந்தத் தடுப்புல எங்க தூங்குறது! ஒருத்தன் இருமுவான், ஒருத்தன் பாடுவான், ஒருத்தன் சீட்டுல தோத்துட்டு அழுவான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் தொந்தரவு இல்லாம ஒரு தூக்கம், அவன் இந்த ஊர்ல கேட்டது அது ஒண்ணுதான்.

ஃபேரர் பார்க் மரத்தடியில படுத்துப் பாத்தான். பந்து வந்து மூஞ்சில விழுந்துச்சு. தள்ளிப் படுத்தான், மழை கொட்டுச்சு. கோயில் மண்டபத்துல சாஞ்சான், பண்டாரம் வந்து காலடியில தண்ணி ஊத்திக் கழுவ ஆரம்பிச்சுட்டாரு. ஒரு நாள் என் அடுப்புக்கிட்ட வந்து நின்னு கண்ணாலயே அளவு எடுத்தான்.

"அக்கா, அடுப்பக் கொஞ்சம் நகத்தினா இங்க ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம் போல."

"நகத்திட்டு? வடைய உன் வயித்து மேல வச்சுச் சுடவா? போடா அந்தப் பக்கம்"னு விரட்டி விட்டேன்.

அப்பத்தான் அவன் மன்றத்தக் கண்டுபிடிச்சான். அடுத்த கடைவீட்டு மாடியில தமிழர் அறிவொளி மன்றம்னு ஒண்ணு. சுயாட்சி வந்த புதுசு அது. ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் எதையாவது சொல்லிக் குடுத்துக்கிட்டே இருந்தாங்க. மன்றத்துல ஒரு படிக்கிற அறை. ஃபேன் ஓடும். கை வச்ச நாற்காலி. யாரும் பேசக் கூடாது. பேப்பர ஒரு கோலுல கோத்துத் தொங்க விட்டிருப்பாங்க. அதை எடுத்து, முழங்கைய மேசையில ஊனி, மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக்கிட்டா உள்ள இருக்கிற கண்ணு தொறந்திருக்கா மூடியிருக்கான்னு எவனுக்குத் தெரியும்? செல்லக்கண்ணு மத்தியானம் போய் உக்காருவான், விளக்கு வைக்கத்தான் எறங்குவான். மூஞ்சி அப்படித் தெளிஞ்சிருக்கும். ரெண்டாங் கிளாஸோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன் அவன். எழுத்துக் கூட்டித்தான் தன் பேரையே படிப்பான்.

இத முதல்ல பாத்து உருகிப் போனவரு மன்றத் தலைவரு தனசேகரன். கவர்மெண்டு ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி. வெள்ளைச் சட்டை, தங்க ஃப்ரேம் கண்ணாடி. "தூங்குகின்ற நேரமெல்லாம் தொலைகின்ற நேரம், தோழர்களே!"ன்னு மேடையில முழங்குவாரு. அவரு சாயங்காலம் நாலு மணிக்கு முழங்குவாரு, ஏன்னா நாலு மணிக்குத்தான் அவரே எழுந்திரிப்பாரு. ஞாயித்துக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு ஊத்திச் சாப்பிட்டுட்டு சாய்வு நாற்காலியில சாஞ்சாருன்னா, வீட்டுல பாத்திரம்கூடக் கழுவக் கூடாதாம். அவரு சம்சாரம் சந்திரமதி ஆப்பம் வாங்க வர்றப்ப சொல்லும். "பிள்ளைங்க வாயப் பொத்திப் பொத்தியே என் கை வலிக்குதுக்கா"ன்னு சொல்லும்.

தலைவரு கண்ணத் தொடச்சுக்கிட்டே எங்கிட்ட சொன்னாரு: "முத்தாயி, ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி, ஒரே பக்கத்தை எவ்வளவு ஆழ்ந்து படிக்கிறான் தெரியுமா? திருப்பவே இல்லை!"

"அவ்வளவு ஆழம்தாங்க"ன்னேன். வேற என்ன சொல்ல?

இது இப்படியே ஓடியிருக்கும். செயலாளரு சுந்தரம்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரு, அவருக்குத்தான் பொறுக்கல. யாரோ குறட்டை விடுற சத்தம் கேக்குதுன்னு ஒரு பலகை எழுதி மாட்டிட்டாரு: 'இங்கு உறங்குவோர் உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கப்படுவர்.' அந்த ஞாயித்துக்கிழமை செல்லக்கண்ணு பொழுது சாயறதுக்கு முன்னாடியே எறங்கி வந்துட்டான். மூஞ்சி வெளுத்திருந்துச்சு.

"அக்கா, நாற்காலி போயிடும் போல."

அதுக்கு மேல தலைவரு ஒரு குண்டப் போட்டாரு. மன்றத்து ஆண்டு விழாவுக்கு விவாதம்: 'ஓய்வு நேரம் அறிவை வளர்க்கவா, உடலைச் சாய்க்கவா?' அறிவுக் கட்சிக்குச் செல்லக்கண்ணுதான் பேசணுமாம், வாழும் சான்றாம்! மாட்டேன்னா சந்தேகம் வரும், நாற்காலி போகும். பேசினா மானம் போகும். மானத்தை விட நாற்காலி பெருசுன்னு ஒத்துக்கிட்டான். நானா இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்.

சுந்தரம் வாத்தியாரு ஒரு பேச்சு சொல்லிக் குடுத்தாரு. 'அறிவெனும் ஆழ்கடலில்'னு ஆரம்பிக்கும். அத அவன் எங்கிட்ட வந்து ஒப்பிப்பான். ஒவ்வொரு தடவையும் ஆழ்கடல்லயே முழுகிடுவான், கரைக்கு வர மாட்டான். 

விழா அன்னிக்கு நல்ல கூட்டம். துணிக்கடை முதலாளி இப்ராஹீம் பாய் சிறப்பு விருந்தாளி. நான் வடைத் தட்டோட ஓரமா நின்னேன். செல்லக்கண்ணு மைக்குக்கு முன்னாடி வந்தான். "அறிவெனும்..." அப்படியே நின்னுட்டான். கூட்டம் பாக்குது, தலைவரு பாக்குறாரு. கடைசியில மூச்ச இழுத்துக்கிட்டு அவனுக்குத் தெரிஞ்சதைச் சொன்னான்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பாதிக் கட்டில்தாங்க இருக்கு. அதுவும் ராத்திரிக்கு. முழுக் கட்டில் இருந்தா நான் ஏங்க இங்க வரேன்? இங்க ஃபேன் இருக்கு, கை வச்ச நாற்காலி இருக்கு, பேப்பர மூஞ்சிக்கு நேராப் புடிச்சா யாரும் எழுப்புறதில்ல. கட்டில் இருக்கிறவங்க வீட்டுலயே தூங்குங்க. இல்லாதவங்க இங்க வந்து அறிவ வளத்துக்குங்க. அவ்வளவுதான்."

போச்சுடான்னு நான் கண்ண மூடிக்கிட்டேன். ஆனா கூட்டம் கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி சிரிக்குது! நகைச்சுவைன்னு நெனச்சுட்டாங்க. தலைவரு தொடையத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாரு. உண்மையச் சொன்னா நம்பாத சனம், இத விட்டா வேற எங்க இருக்கும்? இப்ராஹீம் பாய் மட்டும் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சுட்டு, அப்புறம் அவன் கை ரெண்டையும் பாத்தாரு. சிரிப்பு நின்னுடுச்சு. "இந்தத் தம்பிக்கு ஒரு கட்டில் நான் தரேன்லா"ன்னு எழுந்து சொன்னாரு.

சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில வாங்கின பட்டாளத்து மடக்குக் கட்டில், கேன்வாஸ் போட்டது. மறுவாரமே வந்துடுச்சு. செல்லக்கண்ணு அதைத் தடவித் தடவிப் பாத்தான். ஆனா மேல தடுப்புல அதை விரிக்க இடம் ஏது? தலைவரு பெரிய மனசு பண்ணி, "மன்றத்திலேயே இருக்கட்டும். ஞாயிறுதோறும் இவன் வந்து படுக்கட்டும்"னாரு. முதல் ஞாயித்துக்கிழமை படுத்தான். ஃபேனுக்குக் கீழ, காலை நீட்டி, வாயத் தொறந்துக்கிட்டு. நான் வடை கொண்டு போனப்ப பாத்தேன். என் வயிறு குளுந்துச்சு, பொய் சொல்லல.

அடுத்த வாரம் அவன் போறதுக்கு முன்னாடி பொருளாளரு படுத்திருந்தாரு, முதுகு வலியாம். அதுக்கடுத்த வாரம் தலைவரே. வீட்டுல பிள்ளைங்க சத்தமாம், இங்க ஃபேன் காத்து நல்லாருக்காம். 'தலைவர் சிந்தனையில் இருக்கிறார், சத்தம் செய்யாதீர்'னு சுந்தரம் வாத்தியாரு இன்னொரு பலகை மாட்டினாரு. அதோட அது தலைவரு கட்டில் ஆயிடுச்சு.

செல்லக்கண்ணு பழையபடி நாற்காலிக்கு வந்தான், பேப்பரப் புடிச்சான். ஆனா தூங்க முடியல. தலைவரோட சிந்தனை அவ்வளவு சத்தமா இருந்துச்சு! வேற வழி? கையில இருந்த பேப்பர எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சான். அறிவு வளந்த கதை இதுதாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை தட்டோட மாடி ஏறினேன். தலைவரு கட்டில்ல மல்லாக்க. செல்லக்கண்ணு பக்கத்துல உக்காந்து பேப்பர்ல விரல வச்சு ஒவ்வொரு எழுத்தா வாய்க்குள்ள மென்னுக்கிட்டு இருந்தான். கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு.

"அக்கா, இதக் கேளுங்க"ன்னு மெதுவாப் படிச்சான். "அறிவொளி மன்றத்... தலைவர் தனசேகரனாரின்... பெருமுயற்சியால்... தொழிலாளி செல்லக்கண்ணுவுக்கு... கட்டில் வழங்கப்பட்டது. இனி அந்த... எளிய உழைப்பாளி... ஞாயிறுதோறும்... கவலையின்றி உறங்குவார்."

படிச்சு முடிச்சுட்டு என்னப் பாத்தான். "யாருக்கா இந்தச் செல்லக்கண்ணு? குடுத்து வச்சவன்."

எனக்கு எங்கிருந்து வந்துச்சோ அந்த ஆத்திரம். தட்ட மேசையில டமார்னு வச்சேன். "சத்தமாப் படிடா! இன்னொரு தடவை, தெருவுக்குக் கேக்கிற மாதிரி படி!" அவன் படிச்சான். பக்கத்து அறையில சதுரங்கம் ஆடிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் எழுந்து வந்து சுத்தி நின்னுட்டாங்க. 'கவலையின்றி உறங்குவார்'ங்கிற எடத்துல தலைவரு கண்ணத் தொறந்தாரு.

"எழுந்திரிங்கய்யா. பேப்பர்ல நீங்களே போட்டிருக்கீங்க, இதுல தூங்க வேண்டிய ஆள் இவன்தான்னு."

"நான்... கட்டில் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தேன்."

"பாத்தது போதும். பாத்துப் பாத்துக் கேன்வாஸ் தொங்கிப் போச்சு."

கூட்டத்துல யாரோ கெக்கேன்னு சிரிச்சாங்க. அவரு எழுந்து கண்ணாடியத் தேடி மாட்டிக்கிட்டு, இது மன்றத்துச் சொத்து, மன்றத்த விட்டு வெளிய போகக் கூடாதுன்னு சட்டம் பேசினாரு. "அப்ப வடை என் சொத்து, அதுவும் போகாது"ன்னு தட்டத் தூக்கி ஒரு கையில வச்சுக்கிட்டேன். கட்டில மடக்கி அக்குள்ல இடுக்கிக்கிட்டேன். ஒருத்தனும் தடுக்கல. தடுத்திருந்தா அன்னிக்குத் தெரிஞ்சிருக்கும்.

கீழ வந்து அடுப்புல தண்ணிய ஊத்தினேன். செல்லக்கண்ணு பேப்பரும் கையுமாப் பின்னாலயே எறங்கி வந்தான். எத்தன வருஷத்துக்கு அப்புறம் பகல்ல அணைஞ்ச அடுப்பு அது! ஓரமா இழுத்து வச்சுட்டு, கட்டில விரிச்சேன். அவன் கண்ணால அளந்தது சரிதான், சாண் குறையல. "படு"ன்னேன்.

"அக்கா, உங்க வியாபாரம்?"

"படுன்னு சொன்னா படு! கேள்வி கேக்காத."

படுத்தான். அதுலேருந்து ஞாயித்துக்கிழமை மத்தியானம் எனக்குக் கடை இல்ல. மன்றத்துல என்னக் கண்டிச்சுத் தீர்மானம் போட்டாங்களாம். போட்டவங்க ரெண்டு மூணு வாரம் வந்தாங்க, கீழ எட்டிப் பாத்தாங்க, வடையும் இல்ல டீயும் இல்ல, அப்புறம் அறிவ வளக்க ஒருத்தனும் மாடி ஏறல. தலைவரு வீட்டுச் சாய்வு நாற்காலிக்கே திரும்பிட்டாரு. சந்திரமதிக்குத்தான் கஷ்டம். அத நெனச்சா இன்னிக்கும் எனக்குப் பாவமா இருக்கு.

அடுப்பு அணைஞ்ச முதல் வாரம் கையையும் காலையும் எங்க வைக்கிறதுன்னே எனக்குத் தெரியல. ஓய்வு நேரத்த என்ன பண்றதுன்னு வருஷக்கணக்கா என் தலைக்கு மேல உக்காந்து பேசினாங்களே, ஒருத்தனாவது படி எறங்கி வந்து, முத்தாயி உனக்கு ஓய்வுன்னு ஒண்ணு உண்டான்னு கேட்டானா? மாவுச் சாக்க மடிச்சுத் தலைக்கு வச்சு, செவுத்தோரமாச் சாஞ்சேன். சும்மா சாய்வோம்னுதான் நெனச்சேன்.

கண்ணு முழிச்சப்ப வெயில் எறங்கி அஞ்சடிக்குள்ள வந்திருந்துச்சு. என் மூஞ்சில மட்டும் படல. செல்லக்கண்ணு கட்டில் விளிம்புல உக்காந்து, மன்றத்துப் பேப்பர விரிச்சுப் புடிச்சிருந்தான்.

"என்னடா, படிக்கிறியா?"

"இல்லக்கா, வெயில் அடிக்குது. நீங்க தூங்குங்க"ன்னான்.