கதிரையில் இருக்க ஓர் ஆள் வேண்டும்

போன கிழமை வேலணையில் ஒரு பரிசளிப்பு விழா. நான்தான் பிரதம விருந்தினர் — முதலில் கேட்ட மூன்று பேரும் வர மறுத்துவிட்டதால்! மேடையால் இறங்கிச் சோடா குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் இளம் ஆசிரியை கிட்ட வந்தார்.

"மாஸ்டர், இவ்வளவு வருசமாய்ச் சும்மா படம் கீறப் பழக்கிறியள்... என்னத்துக்கு?"

"கலைச் சேவைதான், பிள்ளை."

சுத்தப் பொய். உங்களிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டாமா?

சேவையாவது மண்ணாவது! எனக்குக் கதிரையில் அசையாமல் இருக்க ஆள் தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

எங்கள் தீவுகளில் ஓவியன் யாருக்கு வேண்டும்? செத்தவர்களுக்கு. அடையாள அட்டையில் இருக்கும் முத்திரை அளவுப் படத்தைக் கொண்டுவந்து தருவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன் அதைப் பெரிதாகக் கீறிக் கொடுக்க வேண்டும். "அப்புவுக்குத் தலைமயிரைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ" என்பார்கள். கூட்டிவிடுவேன். அப்பு எழும்பி வந்து மறுக்கவா போகிறார்?

உயிருள்ள ஒரு முகத்தைக் கீற ஆசைப்பட்டு, சந்திக் கடைக்காரரைக் கேட்டேன். "அரை மணித்தியாலம் இருங்கோ அண்ணை, உங்களைக் கீறப்போறன்."

அவர் தராசை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "உமக்கென்ன விசரே? நான் இன்னும் சாகேல்லை!"

அதற்குப் பிறகுதான் இலவச வகுப்பைத் தொடங்கினேன். சனிக்கிழமைதோறும் ஒருவர் கதிரையில் வாய் திறக்காமல் இருக்க வேண்டும், மற்றவர்கள் அவரைக் கீற வேண்டும் — இதுதான் சட்டம். மூலையில் இருந்து நானும் கீறுவேன். எப்படி என் தந்திரம்?

ஆனால் என்ன கொடுமை... நான் கீறியதெல்லாம் பிணமாகவே வந்தது. நேர்ப் பார்வை, மூடிய வாய், இறுகிய கழுத்து. கை அப்படிப் பழகிவிட்டது. இனி என்னால் முடியாதோ என்று உண்மையாகவே பயந்துபோனேன்.

வகுப்பில் திரேசம்மா என்று ஒருவர். கணவர் கடற்றொழிலாளி. கோயில் பீட விரிப்பில் தைப்பதற்குப் பூக்கள் கீறப் பழகவென்று நாரந்தனையில் இருந்து பஸ்ஸில் வருவார். தன் முறை முடிந்து கதிரையை விட்டு எழும்பியவர் என் தாளை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன மாஸ்டர், என்னைப் பெட்டிக்குள்ளை வைச்ச மாதிரிக் கிடக்கு?"

வகுப்பே சிரித்தது. என் முகம் சுருங்கிவிட்டது.

"வாயைத் திறக்கக் கூடாது எண்டால் வேறை என்ன வரும்? நான் கதைக்காமல் இருந்ததை இஞ்சை ஆர் கண்டது?"

அடுத்த சனிக்கிழமை சட்டத்தை மாற்றினேன். அவரையே திரும்பவும் இருத்தி, "கதையும், திரேசம்மா" என்றேன். கதைத்தார்! பஸ் கொண்டக்டர் தொடங்கிக் கட்டின புருசன் வரை ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. புருவம் ஏற, கை ஆட, வாய் கோண... மற்றவர்களைத் திருத்தவும் மறந்து கீறித் தள்ளினேன். படத்தை அவரிடமே கொடுத்தும் விட்டேன்.

மறு கிழமை அதைச் சுருட்டிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"இதை நீங்களே வைச்சிருங்கோ, மாஸ்டர். அவர் குசினிச் சுவரிலை கொழுவ விடுறார் இல்லை. நிம்மதியாய் ஒரு வாய் சோறு தின்ன ஏலாமல் கிடக்காம். சுவரிலை இருந்தும் நான் அவரைப் பேசிக்கொண்டே இருக்கிறனாம்!"

இத்தனை வருடத்தில் என் படம் ஒன்று திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

அந்தப் புருசன் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார், சரி... அசலை எங்கே அனுப்புவார், பாவம்?