தம்பியின் பக்கம்

எழுபதுகளில் மெல்பேணில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அவுஸ்திரேலியப் பூர்வகுடி மூதாட்டி இருந்தார். தெருவே அவரை அன்ரி என்றது. அந்த நாட்டில் நான் புதிதாகப் பழக வேண்டியிராத சொல் அது ஒன்றுதான். சலவைச்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒருநாள், நான் சமைக்கிற குசினிக்குப் பூசி மிஞ்சிய பெயின்ற் டின்களைக் கேட்டு வாங்கினார். பின்வளவில் பெரிய பலகையொன்றைக் கிடத்தி, தன் முன்னோரின் மண்ணை வரையத் தொடங்கினார். அவருடைய மணல்மேடுகள் என் குசினிச் சுவரின் மஞ்சளில் எழும்பி வந்தபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

படத்தின் நடுவே ஓடிய ஆற்றின் அக்கரை மட்டும் வெறும் பலகையாகவே கிடந்தது. கிழமைகள் போயின. அரைகுறை வேலையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது.

“அன்ரி, அந்த மூலையையும் நிரப்பிவிடுங்கோவன்,” என்றேன்.

“அது தம்பியின்ர பக்கம், பிள்ளை. அதைக் கீற எனக்கு உரிமை இல்லை. அவன்தான் வரவேணும்.”

தம்பி சிட்னியில் இருந்தார். பெரியவர்கள் அக்கரையின் கதைகளை அவருக்கு மட்டுமே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் வராவிட்டால் அந்தத் துண்டு அவரோடேயே போய்விடும். அன்ரி தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் “பார்ப்பம்” என்பாராம். அந்தப் பதிலைக் கேட்டு அன்ரியைவிட எனக்குத்தான் கோபம் வந்தது.

யாழ்ப்பாணத்தில் என் கணவரும் அவருடைய அண்ணனும் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டதற்காகக் கோடேறி வழக்காடி, முகம் பார்க்காமல் போனவர்கள். இந்த மனுஷியோ தம்பியின் மண்ணில் ஒரு பொட்டுக்கூட வைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை தம்பி வந்தே விட்டார். வெள்ளைத் தாடி, ஊன்றி நடக்கக் கையில் பொல்லு. பலகையை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு அக்கரையை வரையத் தொடங்கினார். பட்டாணிப் பருப்பில் சுட்ட வடையை வேலிக்கு மேலால் கொடுத்துவிட்டு, சமையல் கிடக்கட்டும் என்று நானும் அங்கேயே நின்றேன். கணவரும் வந்து சேர்ந்தார்.

வரைகிற வேகத்தில் தம்பியின் தூரிகை ஆற்றைத் தாண்டி அக்காவின் கரையில் பட்டுவிட்டது. அன்ரி அவருடைய புறங்கையில் பட்டென்று ஒன்று போட்டார். இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“பாத்தீரே, அங்கயும் எல்லைச் சண்டைதான்,” என்றார் கணவர்.

“ஓமப்பா, ஆனா அவ தம்பி வருமட்டும் இடம் விட்டு வைச்சிருந்தவ,” என்றேன்.