எதிர்பாராத செலவு

மார்ச் மாதம் வந்தாலே எனக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். தொண்ணூறுகளின் கடைசி அது. வங்காளத்தில், கார்டன் ரீச் பக்கம், ஆற்றை ஒட்டி இருந்த ஓர் அரசு ஊழியர் ஆஸ்பத்திரியின் பட்ஜெட் செக்‌ஷனில் நான் பியூன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்ததால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஃபைல் தூக்குகிறவனுக்கு பட்ஜெட்டைப் பற்றி என்ன கவலை என்று கேட்பார்கள். கவலைப்படுவதற்குப் படிப்பா வேண்டும்?

எங்கள் ஹெட் கிளார்க்கை வங்காளிகள் ‘பொடோபாபு’, அதாவது பெரிய ஐயா, என்பார்கள். எனக்கு அவர் அண்ணாச்சி. இருவருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவர் குடும்பம் அதே ஊரில் லேக் மார்க்கெட் பகுதியில் குடியேறி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பணம் வருகிற விதத்தை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னவர் அவர்தான்.

“இது ஏழெட்டு உண்டியல், தம்பி. மருந்துக்கு ஒண்ணு, பெயின்ட் அடிக்க ஒண்ணு, சோத்துக்கு ஒண்ணு. ஒண்ணுல நெறஞ்சு வழிஞ்சாலும் அதை எடுத்து இன்னொண்ணுல போட டெல்லிக்காரன் சொல்லணும். மார்ச் முடிஞ்சா மிச்சத்தை அவனே எடுத்துக்கிடுவான்.”

டிசம்பரில் அடுத்த மூன்று மாதத்துக்கு எந்த உண்டியலில் எவ்வளவு வேண்டும் என்று மதிப்பீடு எழுதி அனுப்ப வேண்டும். அதில் கஷ்டமானது வெளிச் சிகிச்சை. எங்களிடம் டயாலிசிஸ் மெஷின் கிடையாது. நோயாளிகளைக் கடிதம் கொடுத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். பணம் அந்த உண்டியலிலிருந்து போகும். குறைத்துக் கேட்டால் நடுவில் வறண்டுவிடும். கூட்டிக் கேட்டு மிச்சம் விழுந்தால் அடுத்த வருஷம் வெட்டிவிடுவார்கள். அதனால் அண்ணாச்சி, பேர் தெரிந்த நோயாளிகளுக்கு மட்டுமே எழுதுவார். அந்த வருஷம் ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரர் ஒருவர், துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் மனைவி, இன்னும் ஓரிருவர்.

“நாலு பேருக்குக் கூடப் போட்டு வையுங்க அண்ணாச்சி. யாருக்கு என்ன வருமோ” என்றேன்.

“ஒன் பயத்துக்கெல்லாம் டெல்லி பணம் தராதுலே. ஆத்துல கப்பல் சங்கு ஊதுனாலே முங்கிருச்சும்பியே நீ.”

சிரித்தார். மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். கால் வீங்கி, வார் பட்ட இடம் பள்ளமாகத் தெரிந்தது. கேட்டேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததால் என்றார்.

அங்கே தை மாதம் வருகிற சரஸ்வதி பூஜையன்று ஆபீஸ் பந்தலில் கிச்சுடி என்கிற பருப்புச் சோற்றைப் பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியோடு சரிந்து விழுந்தார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்றார்கள். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் என்று கடிதம் போட்டார்கள்.

கொஞ்ச நாளிலேயே இரண்டை ஒன்றாக்கிக்கொண்டார். வாரம் ஒரு தடவை மட்டும் போனார். அவர் மனைவி, எனக்கு மதினி, வளையலை அடகு வைத்துச் சொந்தச் செலவில் இரண்டு மூன்று தடவை கூடுதலாகக் கூட்டிப் போனாள். அவ்வளவுதான் முடிந்தது. எங்கள் பெரிய டாக்டர், ஆஸ்பத்திரியின் சூப்பரின்டென்டென்ட், வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார்.

“டாக்டர் நானா நீங்களா, பொடோபாபு?”

“நீங்கதான். ரெண்டு தடவை நான் போனா மார்ச் பாதியிலே உண்டியல் காலி. அந்தத் துப்புரவுக்காரர் பொண்டாட்டிகிட்ட நாளைக்கு வராதேன்னு யார் சொல்லுவா? நீங்க சொல்லுவீங்களா?”

டாக்டர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். பெயின்ட் உண்டியலிலிருந்து பணத்தை இந்தப் பக்கம் மாற்ற அனுமதி கேட்டு அன்றே டெல்லிக்கு எழுதினார்.

மார்ச் வந்தது. மிச்சப் பணம் திரும்பிப் போய்விடக் கூடாதென்று வெளிச்சுவரில் ஆரம்பித்து பெயின்ட் அடித்துக்கொண்டே வந்தார்கள். வார்டெல்லாம் டர்பன்டைன் வாடை. இன்னும் எந்தச் சுவர் மிச்சம் என்று தினமும் பார்ப்பேன். ஒரு சுவர் வெளுத்தால் அந்தப் பணம் இனி அண்ணாச்சிக்கு இல்லை என்று கணக்குப் போடுவேன்.

டெல்லி மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டது. டிசம்பர் மதிப்பீட்டில் இந்தச் செலவை ஏன் எதிர்பார்க்கவில்லை? விளக்கம் தேவை. அந்த மாதிரி விளக்கத்தை எழுதத் தெரிந்தவர் எங்கள் செக்‌ஷனில் ஒருவர்தான். என்னிடமே கொடுத்து அனுப்பினார்கள்.

அண்ணாச்சி படுக்கையில் இருந்தபடியே வாசித்தார்.

“எதிர்பாராத செலவுன்னு ஒரு வரி எழுதுங்க. போதும்லா?” என்றேன்.

“எதிர்பார்த்தேனே, தம்பி.”

எனக்குப் புரியவில்லை.

“நவம்பர்லேயே வெளியில ரத்தம் சோதிச்சேன். சொல்லிட்டாங்க. மதிப்பீடு எழுதுறவன் நான். அதுல என்னையே எப்பிடிச் சேர்க்க? பொடோபாபு தனக்குன்னு ஒதுக்கிக்கிட்டார்னு பேச மாட்டானுவளா? ஏப்ரல் வரைக்கும் ஒடம்பு தாங்கும்னு நெனச்சேன். புது ஒதுக்கீடு வந்துரும்லா.”

மதினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது வந்தாள் என்று இருவருமே பார்க்கவில்லை.

“நவம்பர்லேயா?” என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆபீஸ்ல எழுத வெக்கம், சரி. எங்கிட்ட சொல்ல என்ன வெக்கம்? தினம் ஊறுகாய் வச்சேனே. உப்பு கம்மின்னு நீங்க கேக்க, நான் போட்டேனே.”

பிறகு தலையணைக்கு அடியிலிருந்த பேனாவை அவளே எடுத்து நீட்டினாள்.

“எழுதுங்க. எங்கிட்ட சொன்ன பொய்யை அவனுவகிட்டயும் சொல்லுங்க.”

எழுதினார். எழுத்து மேலும் கீழும் போனது. ஃபேக்ஸ் போகும்வரை மெஷின் பக்கத்திலேயே நின்றேன். போன பிறகும் போயிற்றா என்று இரண்டு தடவை கேட்டேன்.

அனுமதி வந்தது. வாரம் இரண்டு தடவை என்று புதுக் கடிதம் டைப் ஆன அன்று, அண்ணாச்சி நெஞ்சில் நீர் கோத்து எங்கள் வார்டிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தனியாருக்குத் தூக்கிப் போகிற நிலையில் இல்லை. வருஷக் கணக்கு முடிவதற்குள் போய்விட்டார். வந்த பணத்தில் மற்றவர்களுக்கு ஒரு தடவைகூடத் தவறவில்லை. அந்தத் துப்புரவுக்காரர் மனைவி அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தாள்.

காரியம் முடிந்து சில வாரம் கழித்து, பென்ஷன் தாளில் கையெழுத்து வாங்க லேக் மார்க்கெட்டுக்குப் போனேன். மதினி கையெழுத்துப் போட்டுவிட்டு, காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“செத்ததுக்கு அழுதுட்டேன், தம்பி” என்றாள். “நவம்பர்லேருந்து அந்த மூணு மாசம் ஒண்ணும் தெரியாம பக்கத்துலேயே படுத்திருந்தேன். அதை என்ன செய்யன்னுதான் தெரியல.”