நேசமலர் பிந்திப் போன செத்தவீடு

நேசமலருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சுப்பம்மா. தேயிலைத் தோட்டத்தில் கலியாணம் முடித்த புதிதில், புருசன் பழனியாண்டியோடு சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தபோது கிடைத்தது நேசமலர் என்ற பெயர். பழனியாண்டிக்கும் அன்று யோவான் என்று ஒரு பெயர் கிடைத்தது. ஆனால் அது அவருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாதிரி; ஆராதனைக்குப் போட்டுக்கொண்டு போவார், வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் கொடியில் போட்டுவிடுவார். நேசமலருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. திருநீற்றை அழித்தாள் என்றால் அழித்ததுதான். தைப்பொங்கலன்று அயல்வீட்டுப் பொங்கல் வந்தால் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்குவாள், அப்படியே கோழிக்குப் போடுவாள். கோழிக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

எழுபத்தேழு இனக்கலவரத்தில் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, நெருப்பு வைத்தார்கள். உடுத்த துணியோடு லொறி ஏறியவர்கள் வவுனியாவில் வந்து இறங்கி, நெளுக்குளத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். அத்தனை குடும்பத்திலும் வேதக்காரர் என்றால் இவர்கள் இரண்டு பேர்தான். தேவாலயம் பட்டணத்தில். ஞாயிறு தோறும் பழனியாண்டி சைக்கிள் மிதிக்க, இவள் பின்னால் வேதபுத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு போவாள்.

லயத்தில் சுவருக்குச் சுவர் இருந்த மீனம்மா இங்கேயும் வேலிக்கு வேலி வந்து சேர்ந்தாள். வேலியில் ஆள் நுழைகிற இடைவெளி ஒன்று வைத்திருந்தார்கள். நெருப்புத் தணலும் உப்பும் ஊர்க்கதையும் அதற்குள்ளால்தான் போய்வரும். மீனம்மாவின் மகன் பரமேசும் அதற்குள்ளால்தான் வருவான். நாலு வயதுப் பயல். நேராகக் குசினிக்குள் போய் அடுப்படியில் குந்திக்கொள்வான். பிள்ளையில்லாத நேசமலருக்கு அவன் வராத நாள் நாளே இல்லை.

வந்து குடியேறிய அடுத்த வருச மழைக்காலத்தில் மலேரியா வந்தது. பரமேசையும் கொண்டுபோய்விட்டது.

செத்தவீட்டில் பெண்கள் வட்டமாகக் குந்தி, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, ஒப்பாரி சொல்லி அழுவார்கள். புதிதாக ஒருத்தி வந்தால் வட்டம் விலகி இடம் விடும், ஒரு கை நீளும். அந்தக் கைக்குள் போய் இருக்க வேண்டும். இன்றைக்கு நீ என் கழுத்தைக் கட்டி அழுதால், நாளைக்கு உன் வீட்டில் நான் உன் கழுத்தைக் கட்டி அழுவேன். இதற்குச் சாட்சியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஆனாலும் ஒருத்தியும் மறந்ததாகச் சரித்திரம் கிடையாது.

நேசமலர் போனபோது நீண்டது மீனம்மாவின் கை. பெற்றவளே கை நீட்டினாள். நேசமலர் குந்தவில்லை. நம்பிக்கையில்லாதவர்களைப் போல விசுவாசிகள் துக்கப்படக் கூடாது என்று தோட்டத்து உபதேசியார் ஒருநாள் சொல்லியிருந்தார். அதை அவள் பத்திரமாக முடிந்து வைத்திருந்தாள்.

"அழாத மீனம்மா," என்றாள் நின்றபடி. "புள்ள ஆண்டவர்கிட்டதான் போயிருக்கு. நம்பிக்கை இல்லாதவங்கதான் இப்படி ஒப்பாரி வைப்பாங்க."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு மடங்கிவிட்டது. கண்ணீர் விடாமல் அன்றைக்கு நின்றது நேசமலருக்குச் சும்மா வந்த காரியமல்ல. தன் விசுவாசத்துக்கு வந்த சோதனை என்று நினைத்தாள். வென்றுவிட்டோம் என்றும் நினைத்தாள், பாவம்.

எட்டாம் நாள் சடங்கு கழிந்த மறுநாள் வேலி இடைவெளியில் முள்ளுக்கம்பு கிடந்தது. சண்டை என்றால் சமாதானம் பண்ணலாம். இது சண்டையில்லை. கிணற்றடியில் கண்டால் மீனம்மா வாளியைக் கொடுத்துவிட்டு விலகி நிற்பாள். மற்றப் பெண்களும் அப்படித்தான். கேட்டால் பதில் சொல்வார்கள், கேட்காவிட்டால் இல்லை. வருசம் வருசமாக நேசமலரோடு பேசியவர் பழனியாண்டி ஒருவர்தான். அவர்தான் ஊரெல்லாம் வாயடித்துவிட்டு வந்து, யார் வீட்டில் பெண் சமைந்தது, யார் மாடு கன்று போட்டது என்று அவளுக்குச் சொல்வார். பகலில் அவள் தனியே கீர்த்தனை பாடிக்கொண்டு களை பிடுங்குவாள்.

எண்பத்தைந்தில் ஒரு காலை, வயலில் நின்ற பழனியாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் குந்தினார். பிறகு எழும்பவில்லை.

பட்டணத்தில் ஊரடங்கு. போதகருக்குச் சொல்லியனுப்ப வழியில்லை. ஆண்கள் வந்து வேலையைப் பார்த்தார்கள். பெண்கள் வேலிப் படலைவரை வந்து நின்றார்கள், மீனம்மா முன்னால். ஒருத்தியும் உள்ளே வரவில்லை. எப்படி வருவார்கள்? அழுகிறவள் நம்பிக்கை இல்லாதவள் என்று சொன்ன வீடல்லவா. நேசமலர் வாய்விட்டு ஒரு சத்தம் வைத்திருந்தால் போதும், அத்தனை பேரும் ஓடி வந்திருப்பார்கள். அவளுக்கும் அது தெரிந்தது. வாய் வரவில்லை. இத்தனை காலம் பூட்டி வைத்த தொண்டை, திறக்க நினைத்தபோது திறக்க மறுத்தது.

பக்கத்து வயல்காரர் சின்னராசா வந்து மெல்லக் கேட்டார். "அக்கா, புதைக்கக் கிடங்கு வெட்டியாச்சு. வெயிலும் ஏறுது. போதகர் வராட்டில் என்ன செய்யிறது?"

"நானே ஜெபம் பண்ணுறேன்."

பண்ணினாள். ஒரு பாட்டும் எடுத்தாள். இரண்டாவது அடியில் குரல் அறுந்தது. எடுத்துக் கொடுக்க அங்கே ஒருவருக்கும் அந்தப் பாட்டுத் தெரியாது. சின்னராசா துவாய்த்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். ஒரு பெண்ணின் ஒப்பாரிகூட இல்லாமல் பழனியாண்டி போனார். ஊரோடு ஒட்டிக்கிடந்த மனுசனுக்கு இப்படி ஒரு போக்கு.

ஊரடங்கு தளர்ந்தபின் போதகர் சைக்கிளில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுசர். கதிரையில் உட்கார்ந்து வேதம் வாசித்து ஜெபித்தார். எழும்பப் போனவரை நேசமலர் மறித்தாள்.

"ஐயா, லாசருவோட கல்லறைக்கு ஆண்டவர் வந்தப்ப, அவன உயிரோட எழுப்பப்போறோம்னு அவருக்குத் தெரியும்தானே?"

"ஓம் அம்மா, தெரியும்."

"அப்புறம் ஏன் அழுதாரு?"

போதகர் வேதபுத்தகத்தை மூடி மடியில் வைத்தார். "நானும் அதைக் கனநாளாய் யோசிக்கிறன். லாசருவின்ரை சகோதரி மரியாள் அழுதவா. அதைக் கண்டுதான் அவரும் அழுதவர். அவவுக்கு முன்னாலை நிண்டு 'அழாதை' எண்டு அவர் சொல்லேல்லை."

அன்றிரவு நேசமலருக்கு வேறு யோசனை ஓடவில்லை. விடிந்ததும் வேலியடிக்குப் போனாள். முள்ளுக்கம்பை இழுத்து எறியக் கை கூசியது. அடைத்தவள் அல்லவா திறக்க வேண்டும். தெருவால் சுற்றி, படலையால் போனாள்.

மீனம்மா முற்றத்தில் விதைக்கு வைத்த கச்சான்கடலையை உடைத்துக்கொண்டிருந்தாள். நேசமலர் எதிரே மண்ணில் குந்தினாள்.

"பரமேசுக்கு அழ வந்தேன்."

மீனம்மா நிமிரவில்லை. கச்சான் கோது படக்கென்று உடைந்தது. "அவன் மண்ணாப் போயி எத்தன வருசம். இப்ப வந்து என்னத்த அழப்போற?"

நியாயமான கேள்விதான். நேசமலருக்கு ஒப்பாரி சொல்லித் தெரியாது, தெரிந்ததெல்லாம் கீர்த்தனை. "ராசா..." என்று தொடங்கி நின்றாள். திரும்பத் தொடங்கினாள். "ராசா, என் குசினிக்கு வருவியே... நல்ல ரொட்டிய விட்டுட்டு, கருகின ஓரம்தான் வேணும்னு அடம் புடிப்பியே... ஒனக்குன்னே கருக விடுவேனேடா..."

அதற்குமேல் சொல்லில்லை. வருசக்கணக்காக அடைத்துக்கிடந்தது உடைத்துக்கொண்டு வந்தது. அது ஒப்பாரியுமில்லை, பாட்டுமில்லை, வெறும் கதறல்.

கச்சான் உடைகிற சத்தம் நின்றிருந்தது.

"காது," என்றாள் மீனம்மா.

நேசமலருக்கு விளங்கவில்லை.

"எடது காது மடிஞ்சிருக்கும் அவனுக்கு. அதையும் சொல்லி அழு."

"மடிஞ்ச காதுக்காரா..." என்றாள் நேசமலர். மீனம்மாவின் கை நீண்டது. இந்த முறை நேசமலர் அதற்குள் போனாள்.

அழுது ஓய்ந்தபின் இருவரும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்கள். வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. மீனம்மா தோளில் போட்ட கையை எடுக்கவில்லை.

"பழனியாண்டி அண்ணனுக்கும் நான் அழணும்," என்றாள். "படலையிலயே நின்னுட்டு வந்துட்டேன். அது நெஞ்சுக்குள்ளயே கெடக்கு. என்ன சொல்லி அழ? நீ சொல்லு."

நல்ல மனுசன், உழைப்பாளி என்றெல்லாம் சொல்ல நேசமலருக்கு வாய் வந்தது. அவை யாருக்கும் பொருந்துகிற சொற்கள். விட்டுவிட்டாள்.

"ஆறுன தேத்தண்ணி குடிக்க மாட்டாரு," என்றாள். "சுடச்சுட வேணும். இன்னமும் காலையில மறந்துபோயி ரெண்டு கோப்பை ஊத்திடுறேன். ஒண்ணு ஆறிப்போயி அப்படியே கெடக்கும் மீனம்மா."

மீனம்மா அந்தத் தேத்தண்ணியிலிருந்துதான் ஒப்பாரியைத் தொடங்கினாள்.