அப்பா கேட்ட சிதார்

தாம்பரத்தில் நான் படித்த காலேஜில் சாயங்காலம் சிதார் கிளாஸ் நடக்கும். சேரப் போகிறேன் என்றதும் அம்மா குதித்தாள். "பாட்டு கத்துக்கோ, பொண்ணு பார்க்க வந்தா நாலு வரி பாடலாம். இந்தச் சுரைக்குடுக்கையை மடியில வெச்சுக்கிட்டு என்னாடி பண்ணப் போற?"

அப்பாதான் ஒரே வார்த்தையில் முடித்தார். "ஆசைப்படறா, சேரட்டும்." அவர் மறைமலை நகரில் ஒரு பேக்டரியில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். சிதார் எப்படி இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. தந்தி வெட்டி என் விரல் நுனி வீங்கினால், தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, "எப்ப பாப்பா எனக்கு வாசிச்சுக் காட்டுவ?" என்பார். அந்தக் கேள்விக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன். சத்தியமாக எனக்கு வேறு லட்சியமே கிடையாது. அப்பா கேட்க ஒரு ராகத்தை முழுசாக வாசித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சிதார் காலேஜுடையது, வீட்டுக்குத் தரமாட்டார்கள். ஆண்டு விழாவை விட்டால் வேறு வழியில்லை. அன்றைக்கு ஷிப்டுக்குக் கொஞ்சம் தாமதமாக வர சூப்பர்வைசரிடம் கெஞ்சி பர்மிஷன் வாங்கிக்கொண்டு, காக்கி உடுப்போடு வந்தார் அப்பா.

சீஃப் கெஸ்ட் வந்தபாடில்லை. விழாவே தொடங்கவில்லை. நாங்கள் மேடைக்குப் பின்னால் வராந்தாவில் உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தோம். அது லேசுப்பட்ட வேலை இல்லை. வாசிக்கிற தந்திகள் போக, அடியில் தானாக அதிர்கிற தந்திகள் வேறு ஒரு கூட்டம். ஒவ்வொன்றாக முறுக்கி, மீட்டிப் பார்த்து, மறுபடி முறுக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தால், வராந்தா ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறார் அப்பா. கண்ணெல்லாம் ஈரம். எவ்வளவு நேரமாக நின்றாரோ!

"பிரமாதமா வாசிச்ச பாப்பா. கண்ணு பட்டுடும். ஷிப்டுக்கு நேரமாச்சு, வரட்டுமா?"

"இருங்கப்பா, நான் இன்னும்..." என்று ஆரம்பித்தேன். தந்தியை முறுக்கும் பிரடை என் கையில் பாதியில் நின்றது. விட்டால் தந்தி தளர்ந்து, மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். மாஸ்டர் வேறு, "அங்க என்ன பேச்சு?" என்று அதட்டினார். நான் திரும்புவதற்குள் அப்பா ஸ்டேஷனைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

அன்றைக்கு நன்றாகத்தான் வாசித்தேன். கைதட்டல் காதைப் பிளந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாருக்கு வேணும் இவர்கள் கைதட்டல்?

மறுநாள் விஷயத்தைச் சொன்னேன். "நீங்க கேட்டது வாசிப்பே இல்லப்பா, சுருதி சேர்த்துக்கிட்டிருந்தோம்." நம்பினால்தானே! "அட போ பாப்பா, இந்த அடக்கமெல்லாம் என்கிட்ட வேணாம்" என்று சிரித்தார். அந்த வருஷத்தோடு படிப்பு முடிந்தது, கல்யாணம் ஆனது, அனகாபுத்தூரில் குடித்தனம். சிதார் வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை. அப்பாவோ வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த வராந்தாக் கச்சேரியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் படுத்த படுக்கையானபோது ஒரு சிதார் கேசட் வாங்கிப் போனேன். பெரிய வித்வான் ஒருவர் வாசித்தது. விழாவில் நான் வாசித்த அதே ராகம். அதையாவது கேட்கட்டுமே என்று ஒரு நப்பாசை. அப்பா கண்ணை மூடிக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் என் கையைத் தொட்டார்.

"நிறுத்திடு பாப்பா. நீ வாசிச்ச மாதிரி வரல."

நிறுத்திவிட்டேன். அடுப்படிக்குப் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.